பிறந்த வீடா, புகுந்த வீடா? பிரபாவதிகுப்தா ஆட்சி பற்றிய நூறாண்டு விவாதம்

கி.பி. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விதர்ப்ப நாட்டை ஒரு கைம்பெண் குறைந்தது 13 ஆண்டுகள் ஆண்டார். பெயர் பிரபாவதிகுப்தா. தந்தை, பாடலிபுத்திரத்துப் பேரரசர் இரண்டாம் சந்திரகுப்தர். கணவர், வாகாடக மன்னர் இரண்டாம் ருத்ரசேனர். பட்டத்துக்கு உரிய மகன் திவாகரசேனர் இன்னும் முடிசூடாத இளவரசர். இவ்வளவும் சாசனங்களில் இருக்கிறது. இதில் தகராறு இல்லை. அந்த 13 ஆண்டுகளும் அவர் யாருக்காக ஆண்டார் என்பதில்தான் தகராறு. தந்தையின் பேரரசு தெற்கே வேரூன்றுவதற்காகவா, மகனின் அரசு குலையாமல் காப்பதற்காகவா, அல்லது தம் சொந்த அதிகாரத்தில் நின்றா?

வரலாற்றாசிரியர்கள் நூறாண்டுக்கு மேலாக இதற்கு விடை சொல்லிவருகிறார்கள். ஒவ்வொரு தலைமுறையின் விடையும் அந்தத் தலைமுறைக்குப் பேரரசு என்றால் என்ன, பெண் என்றால் யார் என்ற எண்ணங்களைச் சுமந்தே வந்திருக்கிறது. ஆகவே விடைகளைப் பார்க்கும்போது சான்று எது, அனுமானம் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு செப்பேடு நகர்த்திய காலம்

பிரபாவதியின் பெயர் முதலில் வெளிச்சத்துக்கு வந்தது அவர் மகன் இரண்டாம் பிரவரசேனரின் சம்மக் செப்பேடு போன்றவற்றின் வழியாகத்தான். அவற்றில் அவர் மகாராஜாதிராஜர் தேவகுப்தரின் மகள் என்று சொல்லப்படுகிறார். இந்தத் தேவகுப்தர் யார்? 1888-இல் குப்தர் கல்வெட்டுத் தொகுதியை வெளியிட்ட ஜே.எஃப். ஃப்ளீட், மகதத்தைப் பிற்காலத்தில் ஆண்ட, ஆதித்யசேனரின் மகனான தேவகுப்தரே இவர் என்று கொண்டார். அதனால் வாகாடகர் காலம் 7-ஆம் நூற்றாண்டின் இறுதிக்கு இறங்கிவிட்டது.

இதைத் திருப்பிப் போட்டது பிரபாவதியே வெளியிட்ட ஒரு செப்பேடு. புனேயில் கிடைத்ததால் அது புனே செப்பேடு எனப்படுகிறது. கே.பி. பாடக்கும் கே.என். தீட்சித்தும் பதிப்பித்த அந்தச் சாசனம் அவரைச் சமுத்திரகுப்தரின் பேத்தி என்றும் சந்திரகுப்தரின் மகள் என்றும் ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்கிறது. தேவகுப்தர் என்பது இரண்டாம் சந்திரகுப்தரின் மற்றொரு பெயர் என்பது அதன் பிறகே தெளிவாயிற்று. ஒரு முழு அரச மரபு ஏறத்தாழ 300 ஆண்டு முன்னே நகர்ந்தது. இன்று அஜந்தாவின் பிற்காலக் குகைகளை 5-ஆம் நூற்றாண்டில் வாகாடக ஹரிசேனர் காலத்தோடு இணைத்துப் பேசுகிறோம். அப்படிப் பேசுவதற்கான காலக் கணக்கு இந்தப் பெண்ணின் திருமணத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

இதில் ஒரு சிக்கலும் அப்போதே முளைத்தது. வாகாடகர் காலத்தைக் குப்தரைக் கொண்டு அளந்த பழக்கம், வாகாடகர் அரசியலையும் குப்தரைக் கொண்டே அளக்கும் பழக்கமாக வளர்ந்துவிட்டது.

சாசனங்கள் சொல்வது என்ன?

பிரபாவதி தம் பெயரில் வெளியிட்டவை மூன்று செப்பேடுகள். புனே செப்பேடு 13-ஆம் ஆண்டில் நந்திவர்த்தனத்திலிருந்து வெளியானது; சனாலசுவாமி என்ற ஆசாரியருக்குத் தங்குணம் என்ற ஊர் கொடையாகிறது. அமராவதி மாவட்டத்து ரித்தபூர் செப்பேடு பிரவரசேனரின் 19-ஆம் ஆட்சியாண்டில், ராமகிரிசுவாமியின் திருவடியிலிருந்து வெளியானது. பண்டாரா மாவட்டத்து மிரேகாவ் செப்பேடு அதற்கு அடுத்த ஆண்டைச் சேர்ந்தது. நந்திவர்த்தனம் நாக்பூருக்கு வடகிழக்கே உள்ள இன்றைய நகர்தன். ராமகிரி, அங்கிருந்து சில கிலோமீட்டரில் உள்ள ராம்டேக் குன்று.

புனே செப்பேட்டின் அமைப்பு விசித்திரமானது. வாகாடகர் சாசனம் என்றால் நான்கு அசுவமேதம் செய்து சாம்ராட் பட்டம் பூண்ட முதலாம் பிரவரசேனரில் தொடங்குவதே வழக்கம். இங்கே அந்த மூதாதையர் ஒருவரும் இல்லை. குப்தர் வம்சம் வரிசையாக வருகிறது. அதிலும் சமுத்திரகுப்தர் லிச்சவிகளின் மகள் வயிற்றுப் பேரன், குமாரதேவி பெற்ற மகன் என்று தாய்வழியும் குறிக்கப்படுகிறது. பிறகு சந்திரகுப்தர், அவருக்கு நாக குலத்துக் குபேரநாகாவிடம் பிறந்த பிரபாவதி. அவர் தாரண கோத்திரத்தவர், இரு குலத்துக்கும் அணியானவர், வாகாடக மகாராஜர் ருத்ரசேனரின் பட்டத்தரசி, இளவரசர் திவாகரசேனரின் தாய். கணவர் குலத்துக்கு இவ்வளவுதான் இடம். எழுத்தும் வாகாடகருக்கு உரிய பெட்டித்தலை எழுத்தாக இல்லை. ஆணித்தலை எழுத்தாக இருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சந்திரகுப்தர் இங்கே மகாராஜாதிராஜர். ருத்ரசேனர் வெறும் மகாராஜர். இந்த ஏற்றத்தாழ்வை எப்படிப் படிப்பது என்பதில்தான் விவாதம் முழுவதும் சுழல்கிறது.

சகர் போருக்கு முன்னேற்பாடா?

மிகப் பழைய விடை, பாடநூல்களில் இன்றும் மிகப் பரவலான விடை, வின்சென்ட் ஸ்மித் 1914-இல் சொன்னது. குஜராத்தையும் சௌராஷ்டிரத்தையும் ஆண்ட சக சத்ரபர்கள் மீது வடக்கிலிருந்து படையெடுப்பவருக்கு விதர்ப்பத்து அரசர் பெரிதும் உதவலாம், பெரிதும் இடையூறும் செய்யலாம். அதை முன்னறிந்தே சந்திரகுப்தர் மகளைக் கொடுத்தார் என்பது ஸ்மித்தின் வாதம்.

நிலவியலைப் பார்த்தால் இது பொருத்தமாகவே படுகிறது. மாளவத்தின் உதயகிரியில் குப்த ஆண்டு 82, அதாவது கி.பி. 401-402 குறித்த கல்வெட்டு இருக்கிறது. சாஞ்சியில் 93-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. சத்ரபர் பாணியில் சந்திரகுப்தர் வெள்ளிக் காசு அடித்ததும் அந்த ஆண்டுகளை ஒட்டித்தான். பேரரசரின் கவனம் மேற்கே இருந்தது உறுதி. அப்போது தென்கிழக்கே விதர்ப்பம் நட்பாக இருப்பது நல்லதுதான்.

ஆனால் இந்த விடைக்கு அடிப்படை பலவீனம் ஒன்று உண்டு. சகர் போரில் வாகாடகர் உதவினர் என்று குப்தர் சாசனம் எதுவும் சொல்லவில்லை. வாகாடகர் சாசனமும் சொல்லவில்லை. போரின் விளைவை அறிந்த நாம் அதைத் திருமணத்தின் நோக்கமாகப் பின்னோக்கி வைக்கிறோம். காலக்கணக்கும் இதில் சிக்கலாகிறது. ருத்ரசேனர் மறைந்தது கி.பி. 390 அளவில் என்று ஏ.எஸ். அல்டேகர் கணித்தார், வி.வி. மிராசியும் ஹான்ஸ் பக்கரும் 405 அளவில் என்கிறார்கள். முதல் கணக்கின்படி சகர் போரின் பெரும்பகுதி பிரபாவதி ஆட்சிக் காலத்தில் நடந்திருக்கும். இரண்டாம் கணக்கின்படி அவர் ஆட்சிக்கு வரும்போதே அதன் முக்கியக் கட்டம் தாண்டிவிட்டிருக்கலாம். 15 ஆண்டு வித்தியாசத்தில் ஒரு கொள்கையின் பொருள் தலைகீழாகிறது.

நோக்கம் வேறாகவும் இருந்திருக்கலாம் என்பதற்குச் சாசனத்திலேயே ஒரு குறிப்பு உண்டு. அதற்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். பிரபாவதியின் தாய் குபேரநாகா நாக குலத்தவர். வாகாடகரில் முதலாம் ருத்ரசேனர், பாரசிவ நாகரான பவநாகரின் மகள் வயிற்றுப் பேரன். இதை வாகாடகர் சாசனங்கள் தவறாமல் பெருமையோடு சொல்கின்றன. சமுத்திரகுப்தர் முறியடித்த வடநாட்டு மன்னர் பட்டியலிலும் கணபதிநாகர், நாகசேனர் என நாகர்கள் வருகிறார்கள். ஆகக் குப்தரும் வாகாடகரும் சம்பந்தம் செய்துகொண்டபோது இரு பக்கத்திலும் நாகர் இரத்தம் ஏற்கெனவே இருந்தது. முறிந்துபோன நாக அரசுகளின் உறவு வலைதான் இந்தச் சம்பந்தத்துக்குப் பாதை போட்டதோ என்று கேட்க இடமிருக்கிறது. நிரூபிக்கப்பட்டதாக இதைச் சொல்ல முடியாது. ஆனாலும் சகர் போர் பற்றிய ஊகத்தைக் காட்டிலும் இதற்குச் சாசன ஆதாரம் கூடுதல்.

பாடலிபுத்திரத்தின் பிடி

இரண்டாம் விடை முதல் விடையின் நீட்சி. கே.பி. ஜெயஸ்வால் 1933-இல் வெளியிட்ட நூலில், குப்தருக்கு முன் இந்தியாவின் பேரரசர்களாக இருந்தவர்கள் வாகாடகர்களே என்றார். அலகாபாத் தூண் கல்வெட்டில் சமுத்திரகுப்தர் வேரறுத்ததாகச் சொல்லப்படும் ருத்ரதேவர், வாகாடக முதலாம் ருத்ரசேனரே என்பது அவர் கருத்து. அப்படியானால் பிரபாவதியின் திருமணம் தோற்ற குலம் வென்ற குலத்தோடு செய்துகொண்ட சமரசமாகிறது. இதை இன்று ஏற்பவர் குறைவு. ருத்ரதேவர் பெயர் ஆரியாவர்த்தத்து மன்னர் பட்டியலில் இருக்கிறது, வாகாடகரோ தக்காணத்தவர். மேலும் சமுத்திரகுப்தரால் வேரறுக்கப்பட்டவர் என்றால் அவர் மகன் பிருதிவிசேனர் தழைத்து ஆண்டதை விளக்க முடியாது.

இதைவிட வலுவாக நிலைத்தது அல்டேகரின் விளக்கம். இளம் வயதில் கைம்பெண்ணான மகளுக்கு உதவ, அனுபவம் மிக்க அதிகாரிகளைத் தந்தை பாடலிபுத்திரத்திலிருந்து அனுப்பியிருக்க வேண்டும். புனே செப்பேட்டில் குப்தர் வம்சம் வருவதும் எழுத்து மாறியிருப்பதும் அதனால்தான் என்றார் அவர். இங்கிருந்துதான் 'நடைமுறையில் விதர்ப்பம் குப்தப் பேரரசின் பகுதியாயிற்று' என்ற வாக்கியம் நூலுக்கு நூல் பயணம் செய்தது.

அதிகாரிகள் வந்திருக்கலாம். ஆனால் அந்த ஊகத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படும் புனே செப்பேடே அதை முழுதாகத் தாங்கவில்லை. குப்தரின் அதிகாரபூர்வ வம்சாவளி ஸ்ரீகுப்தரில் தொடங்கும். இந்தச் செப்பேட்டின் வரிசையோ கடோத்கசரில் தொடங்குகிறது. குப்தரின் முதல் அரசர் அவரே என்பதுபோல அந்தத் தொடர் அமைந்திருக்கிறது. சமுத்திரகுப்தர் பல அசுவமேதம் செய்தவர் என்ற புகழ்ச்சியும் குப்தர் சாசனங்களின் வாய்ப்பாட்டிலிருந்து வேறுபடுகிறது. பாடலிபுத்திரத்து எழுத்தர் ஒருவர் எழுதியிருந்தால் தம் அரசரின் குலமுறையில் முதல் பெயரையா விடுவார்? தாய்வீட்டுக் கதையைக் கேட்டு வளர்ந்த ஒருவரின் சொல்லை உள்ளூர் எழுத்தர் வாங்கி எழுதியதுபோல இருக்கிறது என்று படிக்கவும் இதில் இடம் உண்டு.

பேரரசரின் பிடி என்ற கருத்துக்கு எதிரான மிகக் கனமான சான்று வேறு இடத்தில் இருக்கிறது. குப்தருக்கு அடங்கியவர்கள் குப்த ஆண்டைப் பயன்படுத்தினார்கள். உதயகிரியில் சனகானிகச் சிற்றரசர் பயன்படுத்தியதைப் பார்க்கிறோம். பிரபாவதியின் மூன்று செப்பேடுகளிலும் குப்த ஆண்டு இல்லை. ஆட்சியாண்டு மட்டுமே இருக்கிறது. புனே செப்பேட்டின் 13-ஆம் ஆண்டு யாருடைய ஆண்டு என்றுகூடச் சொல்லப்படவில்லை. முடிசூடாத மகனின் பெயரால் எண்ணியதாக இருக்கலாம், தாயின் ஆட்சி தொடங்கிய நாளிலிருந்து எண்ணியதாகவும் இருக்கலாம். சந்திரகுப்தரின் ஆட்சியாண்டாக அதைக் கொள்ள வழியில்லை. தந்தையின் குலத்தை இவ்வளவு விரிவாகப் பாடும் ஒரு சாசனம் தந்தையின் காலக்கணக்கை ஏற்கவில்லை. குப்தர் பக்கத்து மௌனமும் குறிப்பிடத்தக்கது. பிரபாவதியைப் பற்றியோ குபேரநாகாவைப் பற்றியோ குப்தர் கல்வெட்டு எதுவும் பேசவில்லை. அஜய் மித்ர சாஸ்திரி போன்றோர் வாகாடகர் தன்னுரிமை இழக்கவில்லை என்று வாதிட்டபோது இத்தகைய சான்றுகளே அவர்களுக்குத் துணை நின்றன.

சக்கரபாணியும் காளிதாசரும்

அரசியல் பிடிக்கு அடுத்தபடியாகச் சமயப் பிடி பேசப்படுகிறது. முதலாம் ருத்ரசேனர் மகாபைரவரின் பக்தர். அவர் மகன் பிருதிவிசேனர் மகேசுவர பக்தர். இரண்டாம் ருத்ரசேனரோ சக்கரபாணியின் அருளால் செல்வம் பெற்றவர் எனப்படுகிறார். பிரபாவதி பகவானிடம் மிகுந்த பக்தி கொண்டவர். ஆகவே மனைவியால் கணவர் வைணவரானார் என்ற முடிவு நூல்களில் இடம்பிடித்தது. நடந்திருக்கக்கூடியதே. ஆனால் அரசர்கள் மதம் மாறுவதற்கு மனைவி ஒருத்தியே காரணமாக இருக்க வேண்டியதில்லை; மாமனாரின் மதிப்பும் காலத்தின் போக்கும் போதுமானவை. மகன் பிரவரசேனர் மறுபடி சிவபக்தராகவே தம்மைச் சொல்லிக்கொள்கிறார். தாயின் செல்வாக்கு எல்லையற்றதாக இருந்திருந்தால், உயிரோடு இருந்த காலத்திலேயே மகனின் சாசனத்தில் சிவன் இடம்பெற்றிருக்க மாட்டார்.

காளிதாசர் இந்தக் கதைக்குள் வருவது இன்னும் மெல்லிய இழையில். பிரவரசேனர் பெயரில் வழங்கும் பிராகிருதக் காவியமான சேதுபந்தத்தை விக்கிரமாதித்தர் ஆணையால் காளிதாசர் எழுதியதாக உரையாசிரியர் ஒருவர் சொல்கிறார். மேகதூதத்து யட்சன் தங்கிய ராமகிரி இந்த ராம்டேக்தான் என்பது நீண்டநாள் நம்பிக்கை. இவற்றைச் சேர்த்து, பேரப்பிள்ளைகளுக்கு ஆசிரியராகக் காளிதாசரைப் பேரரசர் அனுப்பினார் என்று ஒரு அழகான சித்திரம் தீட்டப்பட்டது. உரையாசிரியர் வாழ்ந்தது பல நூற்றாண்டு பிந்தி. சித்திரத்தை ரசிக்கலாம்; வரலாறாகக் கொள்வதற்கில்லை.

கோத்திரம் சொல்லும் சேதி

பிரபாவதி ஏன் தந்தையின் தாரண கோத்திரத்தையே வைத்திருந்தார்? வாகாடகர் விஷ்ணுவிருத்த கோத்திரத்தவர். மணமான பெண் கணவர் கோத்திரத்துக்கு உரியவள் என்பது பின்னாளில் இறுகிய தர்மசாஸ்திர விதி. குப்தரின் வருணம் என்ன என்று ஆராய்ந்தவர்கள் இந்தத் தாரண கோத்திரத்தைப் பிடித்துக்கொண்டு பிராமணர் என்றும், ஜாட் என்றும், வேறாகவும் வாதிட்டார்கள். அந்தப் பெண் அதை ஏன் சொன்னார் என்று கேட்டவர்கள் மிகப் பிந்தியே வந்தார்கள்.

பேரரசரின் மகள் என்பதால் அகந்தை என்று ஒரு விளக்கம். அவருடைய திருமணம் கோத்திரம் மாறாத வகையைச் சேர்ந்தது என்று இன்னொன்று. மூன்றாவது விளக்கம், தக்காணத்துப் பழைய வழக்கத்தைக் காட்டுவது. சாதவாகனர் தம்மைக் கௌதமிபுத்திரர், வாசிட்டிபுத்திரர் என்று தாயின் கோத்திரத்தால் அழைத்துக்கொண்டார்கள். மணமான பின்னும் தாய் தன் பிறந்த குலத்துக் கோத்திரத்தோடு இருந்தால்தான் அந்தப் பெயர் பொருள்படும். வாகாடகரிலேயே கௌதமிபுத்திரர் ஒருவர் உண்டு.

இந்த மூன்றாவது விளக்கம் கோத்திரத்தோடு நிற்பதில்லை. முழுப் பிரச்சினைக்கும் புது வெளிச்சம் தருகிறது. நானேகாட் கல்வெட்டோடு இணைத்துச் சொல்லப்படும் சாதவாகன அரசி நாகனிகா, கணவருக்குப் பின் இளம் மகன்களோடு நின்ற கைம்பெண். நாசிக் குகையில் புளுமாவியின் 19-ஆம் ஆண்டில் சாசனம் பொறித்த கௌதமி பாலஸ்ரீ, ஓர் அரசரின் தாய், இன்னோர் அரசரின் பாட்டி என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர். அரசரின் தாய் பொது வெளியில் கொடை கொடுப்பதும் குலத்தின் புகழைக் கல்லில் எழுதுவதும் தக்காணத்துக்கு அந்நியமல்ல. பிரபாவதி ஆண்டதை விளக்கப் பாடலிபுத்திரம் வரை போகத் தேவையில்லை. அவர் புகுந்த நாட்டு மரபே அதற்கு இடம் வைத்திருந்தது. தந்தையின் பெயரை அந்த மரபுக்குள் அவர் முதலீடாகப் போட்டார். குமாரதேவியின் லிச்சவிக் குலத்தைக் காசில் பொறித்துப் பெருமை கொண்ட குடும்பத்தில் பிறந்தவருக்கு, பெண்ணின் பிறந்த வீடு எத்தகைய அரசியல் சொத்து என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

திவாகரசேனர் என்ன ஆனார்?

13 ஆண்டு கழிந்தும் மகன் இளவரசராகவே இருப்பது ஆய்வாளர்களை உறுத்திவந்திருக்கிறது. தந்தை இறக்கும்போது கைக்குழந்தை என்றாலும் பட்டம் கட்டும் வயது நெருங்கியிருக்கும். தாய் அதிகாரத்தை விட மனமில்லாமல் தாமதித்தார் என்று சந்தேகிப்பவர்கள் உண்டு. மகன் பட்டம் கட்டும் முன்பே இறந்தார் என்பது பொதுவான முடிவு. அவர் மகாராஜராகக் குறிக்கப்படும் சாசனம் எதுவும் கிடைக்காததே அதற்குக் காரணம்.

அடுத்த சிக்கல், ரித்தபூர் செப்பேட்டில் வரும் தாமோதரசேன பிரவரசேன என்ற தொகை. ஒருவரா, இருவரா? தாமோதரசேனரே பட்டம் கட்டியபோது பிரவரசேனர் என்று பெயர் மாற்றிக்கொண்டார் என்று பலர் கருதினார்கள். மிரேகாவ் செப்பேட்டின் முத்திரை இதற்கு ஏறக்குறைய முற்றுப்புள்ளி வைத்தது. அதில் பிரபாவதி வாகாடக அரசர்களின் தாய் எனப்படுகிறார். அந்தச் சொல் வடமொழி இருமை எண்ணில் இருக்கிறது. ஒருமை, பன்மை மட்டும் உள்ள தமிழில் எழுதியிருந்தால் எத்தனை அரசர்கள் என்ற ஐயம் நீங்கியிருக்காது. இருமை வேற்றுமை உருபு ஒன்று இரண்டு அரசர்களைப் பிரித்துக் கொடுத்தது.

ரித்தபூர் செப்பேட்டில் நூறாண்டுக்கு மேல் என்ற பொருள் தரும் தொடரும் உண்டு. இதைப் பிடித்துக்கொண்டு அவர் நூறு வயது கடந்தவர் என்று சிலர் கணக்கிட்டார்கள். சந்திரகுப்தரின் காலத்தோடு அது பொருந்தவில்லை. மகன்களோடும் பேரன்களோடும் நூறாண்டு வாழ்க என்ற வாழ்த்தின் சாயலில் அதைக் கொள்வதே தகும்.

இந்தப் பிற்காலச் செப்பேடுகளுக்கு நம் கேள்வியில் தனி முக்கியத்துவம் உண்டு. அரசப் பிரதிநிதியின் வேலை மகன் பட்டம் ஏறியதும் முடிந்துபோகும். பிரபாவதியோ மகன் 19, 20 ஆண்டு ஆண்ட பிறகும் தம் பெயரில், தம் முத்திரையோடு, ஆணை பிறப்பிக்கிறார். சந்திரகுப்தர் மறைந்து நெடுங்காலமான பின்னும் தந்தையின் குலத்தை விடவில்லை. தந்தையின் பிரதிநிதி என்றால் தந்தைக்குப் பின் யாருக்குப் பிரதிநிதி? 2015 முதல் 2018 வரை நகர்தனில் மாநிலத் தொல்லியல் துறையும் டெக்கான் கல்லூரியும் நடத்திய அகழாய்வில் அவர் பெயரும் சங்கும் பதிந்த களிமண் முத்திரைப் பதிவு ஒன்று கிடைத்தது. தலைநகரில் அவர் பெயரே ஆணையாகச் செல்லுபடியானது என்பதற்கு அது கைக்கு எட்டிய சான்று.

ராம்டேக் சுவர்

சென்ற நூற்றாண்டின் இறுதியில் விவாதத்தின் திசையை மாற்றியது ராம்டேக் கேவல நரசிம்மர் கோயில் சுவரில் வெளிப்பட்ட சிதைந்த கல்வெட்டு. பக்கரும் ஹருனாகா ஐசக்சனும் 1993-இல் வெளியிட்ட வாசிப்பின்படி, அதைப் பொறிக்கச் செய்தவர் பிரபாவதியின் மகள். தாயின் நற்பேற்றுக்காகப் பிரபாவதிசுவாமி என்ற பெயரில் விஷ்ணுவுக்குக் கோயில் எடுத்தார். அந்த மகள் மணந்தது கடோத்கசகுப்தரை. சந்திரகுப்தரின் மகன், அதாவது பெண்ணுக்குத் தாய்மாமன். பின்னர் உடன்பிறந்தவர் அவரை வலிந்து பிறந்த வீட்டுக்கு அழைத்துவந்ததாகவும் அந்த வாசிப்பு சொல்கிறது.

இது சரியென்றால் குப்தர்–வாகாடகர் உறவு ஒரு திருமணத்தோடு முடியவில்லை. அடுத்த தலைமுறையிலும் கொள்வினை கொடுப்பினை தொடர்ந்தது. தாய்மாமன் முறை தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டாதது. வடநாட்டு அரச குலம் ஒன்றில் அதைக் காண்பது வியப்பு. தக்காணத்து உறவுமுறை குப்தர் வீட்டுக்குள் போயிருக்கிறது என்றால், செல்வாக்கு வடக்கிலிருந்து தெற்கு மட்டுமே பாய்ந்தது என்ற பழைய அனுமானம் ஆட்டம் காண்கிறது.

பக்கர் இன்னொரு படி போகிறார். சந்திரகுப்தருக்குப் பின் குமாரகுப்தருக்கும் கடோத்கசகுப்தருக்கும் இடையே வாரிசுப் போட்டி இருந்தது; வாகாடகர் அதில் சிக்கினர்; இளவரசி திரும்பியது அதன் விளைவு என்கிறார். இங்கே சற்று நிதானம் தேவை. கல்வெட்டின் பல வரிகள் அழிந்துபோனவை. குப்த ஆண்டு 116-ஐச் சேர்ந்த துமைன் கல்வெட்டு, கடோத்கசகுப்தரைக் குமாரகுப்தர் ஆட்சியில் இடம்பெற்றவராகவே காட்டுகிறது. போட்டி இருந்து பின் சமாதானமானதா, போட்டியே இல்லையா என்பதை இந்த இரண்டு கல்வெட்டுகளால் மட்டும் தீர்க்க முடியாது. உறவு பின்னாளில் கசந்தது மட்டும் வேறு வழியில் தெரிகிறது. பிரபாவதியின் பேரன் நரேந்திரசேனரின் ஆணையைக் கோசலம், மேகலம், மாளவம் ஆகிய நாட்டு அரசர்கள் மதித்ததாக அடுத்த தலைமுறைச் செப்பேடு சொல்கிறது. மாளவம் குப்தரின் மேற்குக் கதவு.

எது நிற்கிறது, எது நிற்கவில்லை

குப்தரின் கருவி என்ற விடை இன்றைய சான்றுகளின் முன் நிற்கவில்லை. குப்த ஆண்டு இல்லாமை, பாடலிபுத்திரத்து வாய்ப்பாட்டிலிருந்து விலகும் வம்சாவளி, தந்தைக்குப் பின்னும் தொடர்ந்த ஆணைகள், தலைநகரில் கிடைத்த முத்திரைப் பதிவு ஆகிய நான்கும் வெவ்வேறு திசையிலிருந்து வந்து ஒன்றையே சொல்கின்றன. இவர் தந்தையின் பெயரைக் கொண்டு மகனின் நாட்டைத் தம் அதிகாரத்தில் ஆண்டவர்.

வாகாடகர் குப்தரால் தீண்டப்படாமல் இருந்தனர் என்ற எதிர்முனை விடையும் மிகைதான். மகாராஜாதிராஜர், மகாராஜர் என்ற பட்ட வித்தியாசத்தை வாகாடகர் சாசனங்களே ஏற்றுக்கொள்கின்றன. பிரவரசேனரும் தாயை அறிமுகப்படுத்தும்போது பாட்டனாரின் பெரும்பட்டத்தைத் தவறாமல் சொல்கிறார். சொல்லிப் பயன் இருந்ததால்தான் சொன்னார்.

திருமணம் நடந்த ஆண்டு, ருத்ரசேனர் இறந்த ஆண்டு, திவாகரசேனரின் முடிவு, கடோத்கசகுப்தர் விவகாரம் ஆகிய நான்கும் இன்னும் திறந்தே இருக்கின்றன. இவற்றில் முதல் இரண்டு புதிய செப்பேடு ஒன்று கிடைத்தால் தீரக்கூடியவை. புனே, ரித்தபூர், மிரேகாவ் என ஒவ்வொரு செப்பேடும் முந்தைய முடிவு ஒன்றைத் திருத்தியதைப் பார்த்தால் நான்காவது ஒன்றை எதிர்பார்ப்பதில் தவறில்லை.

அதற்குள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம் பாடநூல்களிலும் பொது வரலாற்று நூல்களிலும் பிரபாவதி, சந்திரகுப்தரின் மண உறவுக் கொள்கைக்கு எடுத்துக்காட்டாக ஒரே வரியில் வந்து போகிறார். அந்த வரியை எழுதுபவர்கள் அவருடைய மூன்று செப்பேடுகளையும் படித்துவிட்டு எழுத வேண்டும். நாக்பூர்ப் பக்கம் போகும் வாசகர்கள் ராம்டேக் குன்றேறிக் கேவல நரசிம்மர் கோயிலுக்குள் சென்று பாருங்கள். மகள் தாய்க்காகப் பொறித்த அந்தக் கல்வெட்டு அங்கே சுவரில் இருக்கிறது.